அகலம் போதாத தாள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் உம்மு சல்மா லாத்தா. அக்கா முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன் என்றும் சொல்லிவிட்டார். பூவத்து அல்லி எழுதவே வேண்டாம் என்றாள். எழுதித்தான் தீருவேன் என்றால் தன் பெயரும் இருக்க வேண்டும் என்றாள். ஆகவே இது மூன்று பேர் எழுதும் கதை. தட்டச்சு மட்டும் என்னுடையது. நான் நீலாயதாட்சி. தருமபுரத்தில் நாலு மிஷின் வைத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன்.

முதல் இரண்டு பக்கத்தை ஒரு பத்திரிகைக்காரரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. இந்த அடைப்புக்குறியெல்லாம் எடுத்துடுங்க, படிக்கிறவங்களுக்கு இடைஞ்சல்" என்றார். எடுக்க மாட்டேன். ஒருமுறை அப்படி ஒன்றை எடுத்ததால்தான் ஒரு தெருவுக்குக் குடிதண்ணீர் போகவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொடக்கம் மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன்.

"1977 நவம்பர் புயலுக்குப் பிறகு கீழவாஞ்சூர்க் கிணறுகளில் கடல் வந்து குடியேறியது." எனக்குப் பிடித்த வாக்கியம். ஆனால் புயலுக்கு முன்பே பாதிக் கிணறு கரிக்கும் என்கிறார் லாத்தா. வாக்கியம் அழகாக இருக்கிறது என்பதற்காகப் புயலின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது.

"பேராசிரியர் வைத்தியலிங்கம் ஒரு பொய்யர்." இதை அடிக்கும்போது விரல்களுக்கு ஒரே சந்தோஷம். அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்தினேன். அவர் பொய் சொல்லவில்லை.

"உம்மு சல்மாவின் நாக்கு மட்டும் அன்று...

[லாத்தா: என் நாக்கப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதப் போறியாக்கும். எழுது. ஆனா உள்ளத உள்ளபடி எழுது.]

2

உள்ளது இதுதான். பேராசிரியர் வைத்தியலிங்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். (எந்தக் கல்லூரி என்று தேட வேண்டாம். அதைச் சொல்லாமல் விடுகிறேன் என்பதையாவது சொல்லிவிட்டு விடுகிறேன்.) கடலோரக் கிணறுகளில் உப்பு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கருவி ஒன்றுதான், அதுவும் பழுது பார்க்கப் போயிருந்தது. தினமும் ஆள் அனுப்பித் தண்ணீர் எடுத்துவரவும் வசதியில்லை. அதனால் ஒரு யோசனை செய்தார். நல்ல யோசனை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆறு பாட்டில். பூஜ்யத்தில் நல்ல தண்ணீர். ஒன்றிலிருந்து ஐந்து வரை உப்பு ஏறிக்கொண்டே போகும். விடிந்ததும், எதையும் சாப்பிடுமுன், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துத் துப்ப வேண்டும். எந்தப் பாட்டில் மாதிரி கரிக்கிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும். கீழவாஞ்சூரில் ஐந்து கிணற்றுக்கு உம்மு சல்மா. வடக்கே பூவத்தில் ஐந்து கிணற்றுக்கு அல்லி. லாத்தா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அல்லி ஐந்தாவது. 1979 ஜனவரியில் ஆரம்பித்தார்கள்.

நோட்டில் எட்டுக் கட்டம். தேதி, ஊர், கிணறு, நீர்மட்டம், வாய்க்காலில் தண்ணீர் உண்டா, மழை உண்டா, உப்பு. எட்டாவது குறிப்பு. "மனசுல பட்டத எழுதுங்க" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இருவரும் அதை நம்பி எல்லாவற்றையும் எழுதினார்கள். கிணற்றில் தவளை செத்துக் கிடந்தது, நாக்கில் புண், விருந்தாளி வந்ததால் நேரமாயிற்று. ஜூன் மாதம் லாத்தாவின் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "பாட்டில் இப்போது திறப்பதில்லை. உப்பு நாக்குக்கு மனப்பாடம் ஆகிவிட்டது."

[அல்லி: நானும் தெறக்கல. எனக்கும் மனப்பாடந்தான். அத விட்டுடாத.]

3

அந்த வருஷம் நோன்பு ஜூலைக் கடைசியில் பிறந்தது.

விடிந்த பிறகு லாத்தா எதையும் வாயில் வைக்க மாட்டார். துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சொன்னவர்களும் உண்டு. "எனக்கு மனசு ஒப்பலை" என்கிறார். ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே லாத்தா தாமாக ஒரு வழி கண்டுபிடித்தார். விடியற்காலையில் ஐந்து செம்பில் தண்ணீர் எடுத்து மூடி வைப்பது, மாலையில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், பிறகு நோன்புக் கஞ்சி, பிறகு ஐந்து செம்பும் வரிசையாக.

கஞ்சியில் உப்பு உண்டு, பூண்டு உண்டு, தேங்காய்ப்பால் உண்டு. ஒரு கோப்பை உப்புக் கஞ்சி இறங்கிய நாக்குக்குக் கிணற்று உப்பு எங்கே உறைக்கும்? நாலு போட்டுக்கொண்டிருந்த கிணற்றுக்கு இரண்டு போட்டார். மூன்று போட்டதற்கு ஒன்று. "தண்ணி இனிச்சுது நீலா. அல்லாஹ் நோன்புக்குன்னு நல்ல தண்ணியா மாத்திட்டான்னு நெனச்சேன்" என்றார். அப்படி நினைத்தாலும், முப்பது நாளும் எட்டாவது கட்டத்தில் தவறாமல் எழுதினார்: "நோன்பு. கஞ்சிக்குப் பிறகு."

பெருநாள் முடிந்ததும் எண் மறுபடி நாலு. ஆகஸ்டோடு வேலையும் முடிந்தது.

அதே நாட்களில்தான் காவிரித் தண்ணீர் கடைமடை வாய்க்கால் வரை வந்திருந்தது. பெருநாள் வாரம் முறை வைத்து வாய்க்காலை மூடினார்கள். பேராசிரியர் எண்களைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், மகிழ்ந்து போனார். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கடலோரக் கிணறு ஒரே வாரத்தில் தானாகத் தேறிவிடும் என்று முடிவுக்கு வந்தார். பூவத்தில் அல்லியின் எண் மட்டும் மூன்றிலிருந்து அசையவில்லை. அவள் வெற்றிலை போடுகிறவள், நாக்கு சரியிருக்காது என்று அவள் நோட்டை ஒதுக்கிவிட்டார்.

[அல்லி: வெத்தல போடுறது வேலக்கி அப்புறம். மொதல்ல நாக்கு, அப்புறம் வெத்தல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல.]

4

கட்டுரையைத் தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்தார். அட்டவணை ஏழு பக்கம். புல்ஸ்கேப் தாளில் ஏழு கட்டம் வரைதான் பிடித்தது. எட்டாவதுக்கு அகலம் போதவில்லை. பேராசிரியர் கடைசிக் கட்டத்தை விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டேன்.

கட்டுரை அச்சில் வந்தது. ஆசிரியர் ஒருவர்தான், பேராசிரியர். அடியில் பொடி எழுத்தில், உதவிய உள்ளூர்ப் பெண்களுக்கு நன்றி. பெயர் இல்லை.

5

1981இல் கொம்யூன் ஆபீசில், எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் அதுதான், கடலோரத் தெருக்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுவதாக இருந்தது. லாத்தாவின் தெரு பட்டியலில் இருந்தது, பிறகு இல்லை. கேட்கப் போனவரிடம் குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொன்னாராம், "ஒங்க தெருத் தண்ணி ஆடி மாசமே தானா நல்லாயிடுதாமே. ஆராய்ச்சியில வந்திருக்கே." பைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். லாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண்கள் தெரியும். தம் கையால் எழுதிய எண்களை அடையாளம் கண்டுகொண்டார்.

ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் எடுக்கிற தெரு அது. லாத்தாவின் மகள் கமர் நிஷா ஏழு மாதக் கர்ப்பத்தோடு குடம் சுமந்தாள். தன் நாக்கே தன் தெருக் குழாயை அடைத்துவிட்டது என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

[லாத்தா: அழுதேன். வேற என்ன செய்வாக? அழுதுட்டு நோட்ட எடுத்தேன்.]

ஒரு நோட்டு பேராசிரியருக்கு, ஒரு நோட்டு வீட்டுக்கு என்று இரண்டு எழுதியிருக்கிறார். யாரும் சொல்லாமல், தாமாகவே. அந்த இரண்டாவது நோட்டோடு, தட்டச்சு செய்த இடத்தை விசாரித்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. கட்டுரையின் கார்பன் பிரதியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் கட்டங்களை எண்ணினார்.

"எட்டு இருக்கணுமே. ஏழுதான் இருக்கு. நான் எழுதுனது எங்கம்மா?"

6

நாலாம் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழித்தால் நான் முதலில் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் அங்கேயே கிடக்கட்டும்.

நடந்தது வேறு. பேராசிரியர் விடச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், "சார், இந்தக் கடைசிக் கட்டம் அவசியமா?" அவர் வேறு தாளைப் பார்த்துக்கொண்டே "ஒங்களுக்கு எப்படி வசதியோ அப்படிச் செய்ங்க" என்றார். எனக்கு வசதி விடுவது.

தாள் உருளை அகலமான, நீள கேரியேஜ் மிஷின் ஒன்று என்னிடமே இருந்தது. அதில் தாளைக் குறுக்கே போட்டு அடித்தால் எட்டுக் கட்டமும் தாராளமாகப் பிடிக்கும். அன்று அதில் ஒரு பெண் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும். அதோடு, குறிப்பு எல்லாம் தமிழில் இருந்தது. நோன்புக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. "கஞ்சிக்குப் பிறகு" என்பதை முப்பது முறை படித்தேன். என்னவென்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

இந்தக் கதையின் முதல் இரண்டு பிரதியிலும் பழியைப் பேராசிரியர் மேல்தான் போட்டிருந்தேன். லாத்தா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அல்லிதான் கேட்டாள், "அந்த நீட்டு மிசினு எப்ப வாங்குனே?" கட்டுரைக்கு முன்பே வாங்கியது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

7

சரி, தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்தால் மட்டும் போதாது என்றார் லாத்தா. "கஞ்சிதான் காரணம்னு நாமளே சொல்லிக்கிட்டா ஆச்சா? அவரு வாய்க்கால்னாரு, நாம கஞ்சிங்கிறோம். பாத்துடுவோம்."

1982இல், நோன்பு வருவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை லாத்தா பூவத்து அல்லியையும் கூட்டிக்கொண்டு, கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துவந்தார், எங்கள் நாக்குப் பழக அந்த ஆறு பாட்டிலையும். அவருடைய ஐந்தாவது கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர். ஒன்பது தம்ளர். ஆறில் கிணற்றுத் தண்ணீர், மூன்றில் என் வீட்டு நல்ல தண்ணீர். அடியில் எண் எழுதி நான் ஊற்றிவைத்தேன். எதில் எது என்று ருசிக்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கு முறை வந்தபோது அல்லி மாற்றி வைத்தாள்.

வெறும் வயிற்றில் கிணற்றுத் தண்ணீருக்கு லாத்தா நாலு சொன்னார், அல்லி நாலு, நான் நாலு. பிறகு ஆளுக்கு ஒரு கோப்பை கஞ்சி. மறுபடி அதே தண்ணீர். லாத்தா இரண்டு. அல்லி இரண்டு. நான் ஒன்று. அல்லி மட்டும் இன்னொரு நாளும் வந்தாள். வெற்றிலை போடாமல் நாலு, வெற்றிலை போட்டு நன்றாகக் கொப்பளித்துவிட்டு நாலு.

"எழுது. ரெண்டு தடவயும் நாலுன்னு எழுது. வெத்தலன்னு பெரிசா எழுது" என்றாள்.

எழுதினேன். தாளைக் குறுக்கே போட்டுத்தான்.

8

மூவரும் பேராசிரியரைப் பார்க்கப் போனோம். இந்த இடத்தில் அவரைக் கடுகடுப்பானவராகக் காட்டினால் கதைக்கு வசதி. அவர் எழுந்து நின்று வரவேற்றார், காப்பி வரவழைத்தார், எங்கள் தாளை இரண்டு முறை படித்தார். அவருக்கு உடனே புரிந்தது. அவ்வளவு கெட்டிக்காரர்.

"ஒங்களுக்கு நன்றி போட்டிருக்கேனே" என்றார்.

"நன்றி வேணாம் சார். திருத்தம் போடுங்க" என்றார் லாத்தா.

"அது அவ்வளவு லேசு இல்லீங்க. கட்டுரை என் ஒருத்தன் பேர்ல வந்தாச்சு. நாலு பேரு அத எடுத்துக் காட்டி எழுதியிருக்காங்க. இப்பப் போயி கஞ்சின்னு சொன்னா..." அவர் முடிக்கவில்லை. நானும் அவருக்காக முடிக்கப் போவதில்லை.

"ஒருத்தர் பேர்ல வந்ததால தப்பும் ஒங்க பேர்லயே நிக்குது சார். அது ஒங்களுது இல்ல. என்னுது. பாதி இந்தப் பொண்ணோடது. அத எங்ககிட்டக் குடுத்துடுங்க. உம்மு சல்மா கஞ்சி குடிச்சுட்டு ருசி பாத்தா, நீலாயதாட்சி குறிப்ப விட்டுட்டா, அதனால தப்பாயிடுச்சுன்னு போடுங்க. எங்களுக்கு ஒரு கொறச்சலும் இல்ல. எங்க தெருவுக்குக் கொழா வேணும்" என்றார் லாத்தா.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் யோசிக்கிறார்.

எனக்கு அவர் மேல் கோபம். அவர் மேல் இரக்கமும் உண்டு, அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்றாலும் சொல்கிறேன். தனியாகப் பெயர் போட்டுக்கொண்டதால் தனியாக மாட்டிக்கொண்டார். எங்களோடு சேர்ந்து போட்டிருந்தால் வெட்கத்தில் ஆளுக்குக் கால் பங்குதான் வந்திருக்கும்.

9

அவர் போடாவிட்டால் நாங்கள் போடுவோம் என்று கிளம்பினோம். கட்டுரை அச்சிட்ட இடத்துக்கு எழுதினோம், பதில் இல்லை. ஆறு பெரிய தாளை ஒட்டி, இரண்டு ஊர் நோட்டையும் ஒரு வரி விடாமல், எட்டுக் கட்டத்தோடு எழுதிக் கீழவாஞ்சூர் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். செத்த தவளை, நாக்குப் புண், திறக்காத பாட்டில் எல்லாம் இருந்தது. தம்ளர் சோதனையைச் செய்யும் விதத்தைப் பக்கத்திலேயே எழுதினோம். கீழே: "நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். செய்து பாருங்கள். தப்பென்றால் இதே சுவரில் எழுதுங்கள்."

லாத்தாவின் கணவர் நூர் அகமதுதான் முதலில் சண்டைக்கு வந்தார். "நம்ம வூட்டுத் தப்ப நாமளே செவுத்துல ஒட்டுவாகளா? ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு ருசி பாக்கட்டும்" என்றார் லாத்தா.

சிரித்தார்கள். பிறகு ருசி பார்த்தார்கள். நூர் அகமதுவும் பார்த்தார். கஞ்சிக்கு முன் ஐந்து, கஞ்சிக்குப் பின் மூன்று. ஊரில் எல்லோரையும்விட அவர் நாக்குக்குத்தான் உப்பு அதிகம் என்று இன்றுவரை பெருமை. மொத்தம் ஐம்பத்து மூன்று பேர் பெயர் எழுதினார்கள். நாலு பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை, அதையும் எழுதினோம். எட்டாவது கட்டத்தில் அவரவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "பீடிக்குப் பிறகு." "பல் வலி." "கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வந்தேன், கணக்கில் சேர்க்க வேண்டாம்." ஒரு பெண், பெயர் குஞ்சம்மா, எழுதியது: "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒன்றும் இல்லை." அன்று கஞ்சி அவருக்கு இரண்டு கோப்பை போயிற்று.

தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொம்யூன் ஆபீசுக்குப் போனோம். எஞ்சினியர் மேசையில் இடம் போதாமல் தரையில் விரித்துப் பார்த்தார்.

"இத எழுதினது யாரு?"

"ஐம்பத்து மூணு பேருங்க" என்றேன்.

"அது சரி. பொறுப்பு யாரு?"

"ஐம்பத்து மூணு பேருந்தாங்க" என்றாள் அல்லி.

அவர் குனிந்து எட்டாவது கட்டத்தை வரிவரியாகப் படித்தார். கடைசியில் சொன்னார், வருகிற நோன்பில் மூன்றாம் நாள் நானே வந்து ருசி பார்க்கிறேன், கஞ்சிக்கு முன்னும் பின்னும். கருவிக்கும் ஒரு பாட்டில் எடுத்துப் போகிறேன். எண் சரியாக இருந்தால் தெருப் பெயரை மறுபடி பட்டியலில் ஏற்ற எழுதுகிறேன்.

10

இனி முடிவு. மூன்று அடித்துவைத்திருந்தேன்.

ஒன்று: மூன்றாம் நோன்பன்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பேராசிரியர் வைத்தியலிங்கம் வருகிறார். தம்ளரை வாங்கி ருசி பார்க்கிறார். சுவரில் ஐம்பத்து நாலாவது பெயராகத் தம் பெயரை எழுதி, எட்டாவது கட்டத்தில்...

[லாத்தா: அவரு வரல. வந்தாருன்னு எழுதாத. வந்தா அவரே எழுதிக்குவாரு, எடம் விட்டு வை.]

இரண்டு: குழாய் வருகிறது. கமர் நிஷா தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் குடம் பிடிக்கிறாள். இது அல்லி சொன்ன முடிவு. ஆனால் இன்று 1983 ஜூன் முதல் வாரம், நோன்பு பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. குழாய் வரவில்லை.

மூன்று: எஞ்சினியர் வரவே இல்லை. இது என் முடிவு, என் குணத்துக்கு ஏற்றது. இதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

பத்து நாள் பொறுத்து எழுதினால் என்ன என்று பத்திரிகைக்காரர் கேட்டார். முடிவு தெரிந்துவிட்டால் தோற்றாலும் ஜெயித்தாலும் அதற்குத் தகுந்தபடி முன்னால் உள்ளதை எல்லாம் நான் சீராக்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நாலாம் பகுதியைப் பார்த்தீர்கள் அல்லவா. அதனால் தெரிவதற்கு முன்பே அச்சுக்குக் கொடுக்கிறேன். இன்னும் ருசிக்காத தண்ணீருக்கு எண் போட மாட்டேன்.

கீழே ஒரு வரி காலியாக விடுகிறேன். தேதி, ஊர், கிணறு, நீர்மட்டம், வாய்க்கால், மழை, உப்பு, குறிப்பு. எஞ்சினியர் எழுதலாம், பேராசிரியர் எழுதலாம், வாஞ்சூர்ப் பக்கம் வருகிற நீங்களும் எழுதலாம். செம்பு லாத்தா வீட்டில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார். எண் எதுவாக வந்தாலும் எங்களுக்குச் சம்மதம். குறிப்பில் மட்டும், வருவதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தாளைக் குறுக்கே போட்டிருக்கிறேன், இடம் இருக்கிறது.

______ | ______ | ______ | ______ | ______ | ______ | ______ | ____________________

உம்மு சல்மா, அல்லி, நீலாயதாட்சி